சம்சாரியைத் திட்டப் போன பயணம்

மதுரைக்குப் போகிறவர்கள் கோபுரம் பார்க்கப் போவார்கள், தெப்பம் பார்க்கப் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். ரங்கூனில் கப்பல் ஏறும்போதே திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டுதான் ஏறினேன். கடலில் வாந்தி எடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்தேன்.

விஷயம் இதுதான். ராஜம் என் தங்கையின் மகள். தங்கையும் அவள் புருஷனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, கைக்குழந்தையிலிருந்து அவளை வளர்த்தது நான். அவளுடைய அப்பா மதுரைப் பக்கத்துக்காரர். அவர் கூடப்பிறந்த பேச்சியம்மாள் திருவாதவூருக்கு அந்தண்டை ஒரு சிற்றூரில் இருக்கிறாள். அவளுக்கு முத்தையா என்று ஒரே பையன். ராஜத்துக்கு அத்தை மகன், உரிமைக்காரன். ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிற ஆள் யார் கண்ணில் பட்டாலும், "எங்க அண்ணன் மகள எனக்கே குடுத்துரச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்புவாள் பேச்சி. ராஜத்துக்கும் சம்மதம். ரங்கூனில் நம் ஜனங்களுக்கு நிலவரம் சரியில்லாமல் இருந்த சமயம் அது; பெண்ணை ஊரோடு அனுப்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரரும் சொன்னார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, மதுரைக்கும் ரங்கூனுக்கும் நடையாய் நடக்கிற கைலி வியாபாரி காதர் பாயிடம், பையனை ஒரு பார்வை பார்த்து வரச் சொன்னேன். பாய் திரும்பி வந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பையனுக்கு என்னம்மா? இப்ப நல்ல சம்சாரி ஆயிட்டான்."

நான் செங்கல்பட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். சன்னியாசிக்கு நேர் எதிர். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மேலே ஒரு வார்த்தை கேட்பதற்குள் பாய் குடையை எடுத்துக்கொண்டு மோல்மேன் பக்கம் வசூலுக்குக் கிளம்பிவிட்டார்.

"கடிதாசு போட்டுக் கேளேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தாலி கட்டினதை மறைச்சுட்டு இன்னொருத்தியைக் கேக்கிறவங்க, கடிதாசிலயா ஒத்துப்பாங்க?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். ராஜத்திடம் விஷயத்தைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மதுரையில் இறங்கியதுமே கோபத்துக்குத் தீனி கிடைத்தது. குதிரை வண்டிக்காரன் நான் கேட்ட தெருவை விட்டுவிட்டு, கோவிலைச் சுற்றி ஊர்வலம் விட்டான். ரங்கூனில் டிராம் வண்டி போகிற சுகத்துக்குப் பழகின இடுப்பு, அந்தச் சந்து பொந்துகளில் கழன்றே போயிற்று. கேட்டால், "ஊருக்குப் புதுசா வந்தவுக சாமியப் பாக்காமப் போகலாமாத்தா?" என்று எனக்கே புத்தி சொல்கிறான்.

காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டேன். அதைக் குறை சொல்ல முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. தொட்டுக்கொள்ள இத்தனை வகை எதற்கு? கோபமாக இருக்கிறவள் எதைத்தான் முதலில் தொடுவது? இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காதர் பாயின் கடையைத் தேடிப் போனேன். பழைய ஊருக்குள், பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில், அவருடைய தம்பி கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் சொன்னது நிஜந்தானா? அந்த முத்தையா சம்சாரியா?" என்றேன், உட்காரக்கூட இல்லாமல்.

"எங்கண்ணே பொய் பேச மாட்டாக. அவரு சம்சாரின்னு சொன்னா சம்சாரிதாங்க."

"இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே, நியாயமா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் ஏதோ வெயிலில் வந்தவள் என்று நினைத்து, எதிர்க்கடையிலிருந்து ஒரு கிண்ணம் பருத்திப்பால் வரவழைத்துக் கொடுத்தார். சுக்கும் கருப்பட்டியும் மணத்தது. குடித்தேன். நன்றி சொல்லவில்லை.

மேலூர் ரோட்டில் போன பஸ், பாதி வழியில் கொதித்து நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து, வந்த ஆவியைப் பார்த்துவிட்டு, ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கண்டக்டர் தண்ணீர் தேடிப் போனவர் போனவர்தான். என் பக்கத்தில் மொச்சைக்காய்க் கூடையோடு ஒரு பெண். எங்கே போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அட, நம்ம பேச்சி வீட்டுக்கா! அவ மகன் நல்ல சம்சாரியாச்சே."

"உனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே. அப்பன் செத்த வருசமே சம்சாரி ஆயிட்டான், பாவம். அப்ப பத்து வயசு இருக்குமா அவனுக்கு."

"பத்து வயசிலயா!"

"வேற என்ன செய்ய? அந்த வீட்டுல ஆம்பளைன்னு யாரு இருக்கா? கம்மாய்க்குக் கீழ ஒண்ணு, மேட்டுல ஒண்ணு. ரெண்டு எடத்தையும் அப்படியே விட்டுற முடியுமா?"

"ரெண்டு இடத்திலயா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ரெண்டையும் அவன் ஒருத்தந்தான் பாத்துக்கிறான். மேட்டுல உள்ளது ஒண்ணுக்கும் ஆகாது. கீழ இருக்குல்ல, அதுதான் சோறு போடுது."

சம்பாதித்துப் போடுவதும் அந்தப் பெண்ணா! இவன் உட்கார்ந்து தின்கிறானா! புளியமரத்தடியில் படுத்திருந்த டிரைவரைத் தட்டி எழுப்பி, வண்டியை எடுக்கிறாயா இல்லையா என்று நான் கத்தியதில், அவர் பதறிப்போய் ரேடியேட்டரில் தன் குடிதண்ணீரையே ஊற்றினார்.

பஸ் விட்ட இடத்திலிருந்து வயல் வழியாக நடந்தேன். நடவு சமயம். சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். பேச்சியம்மாள் யார் என்று கேட்டதும் ஒருத்தி நிமிர்ந்தாள். முழங்கால்வரை சேறு, கையில் நாற்றுமுடி. ஒல்லியான ஆள். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து, "வாங்க மதினி! கப்பல்ல வந்தீகளா? தாக்கல் சொல்லிவிட்டிருந்தா வண்டி கட்டி அனுப்பியிருப்பனே!" என்று வரப்பேறி வந்தாள்.

நான் வரப்பில் நின்றபடியே ஆரம்பித்தேன். கப்பலில் கோத்து வைத்தது ஒன்றும் வரிசையாக வரவில்லை.

"உன் மகனோட சம்சாரம் எங்கே? கூப்பிடு, நான் பார்க்கணும்!"

"சம்சாரமா?" என்றாள் பேச்சி.

"மறைக்காதே! அவன் சம்சாரின்னு மதுரையிலிருந்து இங்கே வரைக்கும் கேட்ட இடத்திலெல்லாம் சொல்றாங்க!"

"ஆமா, சம்சாரிதான். பின்ன, கலெக்டரா?"

வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்திக்கு முதலில் விளங்கிவிட்டது. நாற்றைச் சேற்றில் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாத்தே, அவுக கலியாணம் ஆனவன்னு நெனச்சுக்கிட்டாக! சம்சாரின்னா வெள்ளாமை வைக்கிறவுகம்மா! காடு கரை வச்சுப் பொழைக்கிறவுக!"

அந்த வயல் முழுக்கச் சிரித்தது. அடுத்த வயலிலும் விஷயம் போய் அங்கேயும் சிரித்தார்கள். கம்மாய்க்குக் கீழ் ஒன்று, மேட்டில் ஒன்று என்பது நிலம் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சிரித்திருக்க வேண்டியவள்தான் நான். வரவில்லை. எங்கள் பக்கத்தில் குடியானவன் என்று ஒழுங்காக ஒரு பேர் இருக்கிறது. உழுகிறவனுக்குப் போய்க் குடும்பஸ்தன் பேரை எந்த மகானுபாவன் வைத்தான்? அவன் கையில் கிடைத்தால் கப்பல் கட்டணத்தை வசூல் பண்ணியிருப்பேன்.

வீட்டில் பேச்சி கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டாள். பர்மாவில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் குழம்பு மாதிரி நான் அங்கே சாப்பிட்டதில்லை. முத்தையா வந்தான். நல்ல உயரம், கூச்ச சுபாவம். "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, மாட்டைக் கட்டுகிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ராஜத்துக்குச் சரியான ஜோடி என்றே எனக்குத் தோன்றியது. என் கோபம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பாத்திரம் கழுவும்போது பேச்சியிடம் கேட்டேன். "பத்து வயசிலேயே சம்சாரி ஆயிட்டான்னு பஸ்ஸிலே ஒருத்தி சொன்னாளே, அது எப்படி? அந்த வயசிலே கலப்பையைத் தூக்கவாவது முடியுமா?"

"எங்கிட்டு முடியும்? மேழி அவன் நெஞ்சு ஒசரம் இருந்துச்சு."

"பின்னே யார் உழுதது?"

பேச்சி சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "பொம்பள ஏரைத் தொட்டா மழை பெய்யாதும்பாக மதினி. கூலிக்கு ஆள் கூப்பிட்டேன், அவுகவுக வேலைன்னு ஒருத்தரும் வரல. அப்புறம் அவன் கையப் பிடிச்சு மேழில வச்சு, அது மேல என் கைய வச்சு அமுக்கினேன். மூணு வருசம் அப்படித்தேன் உழுதோம். நான் ஏரைத் தொடலேல்ல? அவன் கையத்தானே தொட்டேன்."

"அப்ப அவன் சம்சாரி. நீ யாரு?"

"நான் சம்சாரிக்கு ஆத்தா" என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறவள் மாதிரி.

எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. அவளுக்கோ இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

மறுநாள் முத்தையா மாட்டுக்கு லாடம் கட்ட மேலூருக்குப் போயிருந்தான். நான் பேச்சியோடு வயலுக்குப் போனேன். நட்டு முடித்த வயலில் தண்ணீர் வற்றி, சேறு தோல் கட்ட ஆரம்பித்திருந்தது. கம்மாய் என்று அவர்கள் சொல்கிற ஏரியின் தண்ணீரை ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் திறந்துவிட அந்த ஊரில் ஒரு ஆள் உண்டு, மடைக்காரர் என்பார்கள். தோளில் மண்வெட்டியோடு அவர் வரப்பில் வந்து நின்றார்.

"சம்சாரி இல்லியா?"

"மேலூருக்குப் போயிருக்கான். என்ன வெசயம்ணே?" என்றாள் பேச்சி.

"ஒண்ணுமில்ல. சம்சாரி வரட்டும்." போய்விட்டார்.

முத்தையா பொழுது சாய வந்தான். விஷயத்தைக் கேட்டதும் மடைக்காரரைத் தேடி ஓடினான். அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் முறை இவர்கள் வயலுக்குத்தானாம். சம்சாரி இல்லாததால் அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டார்களாம். இனி ஒரு சுற்று முடிந்துதான் வருமாம். அதுவரை அந்தப் பச்சைப் பயிர் என்ன செய்யும்? வெடித்த சேற்றில் நிற்க வேண்டியதுதான்.

அம்மாவும் மகனும் இதைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். கத்தினது நான் ஒருத்திதான்.

"முறை உங்களதுன்னு ஒரு வார்த்தை, நின்னுக்கிட்டிருந்த உன் ஆத்தாகிட்ட சொல்லக்கூடாதா? மடையைத் திறந்துவிட அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. அவுக சம்சாரிகிட்டதான் சொல்லுவாக. அது அப்படித்தேன்."

"அந்த வயலை நட்டது யாரு?"

"ஆத்தாதான்."

"உரம் போட்டது?"

"ஆத்தாதான். ஆனா ஆத்தா பொம்பளைல்ல?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை மேலும் கொதிக்க வைத்தது.

"சரி. நாளைக்கு ராஜம் வந்து அந்த வரப்பிலே நின்னா, அவ யாரு?"

அவன் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். "அவ சம்சாரியோட சம்சாரம்."

பெண்டாட்டி என்று ஆசையாகத்தான் சொன்னான். எனக்கு அது காதில் விழுந்த விதம் வேறு. உழைக்கிறவள் சம்சாரம், பேர் வாங்குகிறவன் சம்சாரி. கட்டிக்கொண்டவளை மறைக்கிறார்கள் என்று பயந்து கடல் தாண்டி வந்தேன். இங்கே கட்டிக்கொண்டு வருகிறவளையே மறைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

"என் பொண்ணை இந்த வீட்டுக்குத் தர மாட்டேன்" என்றேன்.

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. பேச்சி எனக்கு இலை போட்டு, எப்போதும் போல் பரிமாறினாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை.

காலையில் கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், என் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பேச்சி முன்னால் நடந்தாள். அவர்கள் வயலைத் தாண்டும்போது மடைக்காரர் எதிரே வந்தார்.

"ஏத்தா, சம்சாரி எங்க?"

பேச்சி நின்றாள். பெட்டியை இறக்கி வரப்பில் வைத்தாள். சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாந்தேன் சம்சாரி. எங்க முறை என்னைக்கி? எங்கிட்டச் சொல்லு."

பக்கத்து வயல்களில் குனிந்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். முந்தாநாள் என்னைப் பார்த்து அவ்வளவு சிரித்தவர்கள், அன்றைக்கு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

மடைக்காரர்தான் சிரித்தார். என்னை ஒரு பார்வை பார்த்து, "ரங்கூன் அம்மா சொல்லிக் குடுத்தாகளாக்கும்?" என்றார்.

"அவுக எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? இம்புட்டு வருசமா இந்தச் சேத்துல நின்னது யாரு காலு? ஒங்க காலா?"

"சரி சரி. சம்சாரிய வந்து பாக்கச் சொல்லு" என்று அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போய்ப் பிடித்துக் கேட்கக் கிளம்பினேன். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதீக மதினி. பஸ்ஸு போயிரும்."

பஸ் போகவில்லை, வரவேயில்லை. வெயில் உச்சிக்கு வந்து, இறங்கவும் ஆரம்பித்துவிட்டது. முத்தையா தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்தான். "தண்ணி முறை கேட்டு வாங்கிட்டேன் அத்தை. இன்னைக்கு ராத்திரியே விடுறேன்னுட்டாக" என்றான் சந்தோஷமாக. பேச்சி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் அத்தனை பேர் முன்னால் கேட்டுக் கிடைக்காதது, அவன் போய் நின்றதும் கிடைத்துவிட்டது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, சனியன்.

ஏறும்போது பேச்சி ஒன்றே ஒன்று சொன்னாள். "நடந்ததை அவகிட்ட மறைக்காமச் சொல்லிருங்க மதினி. தெரியாம வரக்கூடாது."

ரங்கூனில் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் ராஜத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காதர் பாய் சொன்ன சம்சாரி, வயலே சிரித்தது, பையன் கை மேல் கை வைத்து உழுதது, மடைக்காரர், கடைசியில் பேச்சி பெட்டியை இறக்கி வைத்துக் கேட்டது வரை. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். சம்சாரி விஷயத்துக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"அத்தை கேட்டதுக்கு அப்புறம் தண்ணி வந்துதா பெரியம்மா?" என்றாள்.

"வந்தது. முத்தையா போய்க் கேட்ட பிறகு வந்தது."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு ஆள் கேட்டா அவங்களுக்குக் காதிலே விழலை" என்றாள். "ரெண்டாவதா இன்னொரு ஆளும் கேக்கணும். நான் போறேன்."

"நான் தர மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டி!"

"அத்தை அங்கே ஒண்டியா இருக்காங்க பெரியம்மா."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உனக்குப் பைத்தியமா என்றேன், முழங்கால் சேற்றில் நிற்கத் தெரியுமா என்றேன், அந்தக் கம்மாயையும் மடைக்காரரையும் மதுரை ஜில்லாவையும் சேர்த்துத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காதர் பாய் அடுத்து எப்போது ஊருக்குப் போகிறார் என்று விசாரித்துவரச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டாள்.